நூற்று எண்பத்தேழு பாயிண்ட்

ஆகஸ்ட் 11, திங்கள்

தொபியாஸ் அண்ணன் கடைக்குள் வந்ததும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். பகல் பதினொரு மணி. என் கடை கீழத்துறை மீன் ஏலக்கூடத்துக்கு நேர் எதிரில் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கவும் ஆதாரில் முகவரி மாற்றவும் ஆட்கள் வந்துபோகிற நேரம்.

"யாரும் உள்ள வரவேண்டாம் ஜெனோவா. ஒரு அரமணி நேரந்தான்" என்றார். கூடவே லிகோரி அண்ணனும் வந்திருந்தார். தொபியாஸ் அண்ணன் வள்ளத்தில் ஒன்பது வருடமாகத் தொழிலுக்குப் போகிறவர்.

மடியிலிருந்து இரண்டு ஜி.பி.எஸ். கருவிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பழையது, திரை மங்கிப் பாதி எழுத்து தெரியவில்லை. இன்னொன்று புதியது. பழையதில் உள்ள பாயிண்ட் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டும். நேராக மாறாது. முதலில் கம்ப்யூட்டருக்கு எடுத்து, அங்கிருந்து ஏற்ற வேண்டும்.

கடலுக்கு அடியில் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கிற இடத்தில்தான் களவாவும் விளமீனும் நிற்கும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே தண்ணீர். எந்தப் பார் எங்கே என்பது அந்த எண்களில்தான் இருக்கிறது. பதினாலு வருடம் ஈயக்குண்டை இறக்கி இறக்கித் தேடிச் சேர்த்தவை. கூடப் போகிற ஆட்களுக்கே அவர் கருவியைக் காட்ட மாட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

பழையதில் கேபிள் செருகும் இடம் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்தால் வருகிறது, விட்டால் போகிறது. லிகோரி அண்ணன் மேசைப் பக்கம் குனிந்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். நூற்று எண்பத்தேழு பாயிண்ட் வந்து சேர்ந்தன. புதியதில் ஏற்றினேன். அதிலும் நூற்று எண்பத்தேழு. தொபியாஸ் அண்ணன் கருவியைக் கையில் வாங்கி ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். எல்லாம் அவரே வைத்த பெயர்கள். மகள் பெயரில் ஒன்று, அந்தோணியார் பெயரில் நான்கு, 'பெரிய களவா', 'காத்துப் பார்'. ஒன்றுக்கு 'அழுத இடம்' என்று வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"இனி ஒங் கம்ப்யூட்டர்ல இருக்கத அழிச்சிரு பிள்ள."

அவர் கண் முன்னால் அழித்தேன்.

"போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே."

மாலையில் பிரிண்டரில் மூன்று தடவை தாள் சிக்கிக்கொண்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தொபியாஸ் அண்ணன் இரண்டு விளமீன் கொடுத்தனுப்பியிருந்தார். தம்பி மனைவி ஷர்மி குழம்பு வைத்தாள். மாதா திருநாள் நோட்டீஸ் முந்நூறு படி அடித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

கிளைட்டன் இன்றும் வெறும் பெட்டியோடு வந்தான். இந்த வாரத்தில் நாலாவது தடவை. அவன் என் ஒரே தம்பி. அப்பா இறந்த பிறகு நான் இருப்பது அவன் வீட்டில்தான். எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் ஊரில் எப்போதும் சேர்த்தே சொல்வார்கள்.

ஷர்மிக்கு ஐந்தாவது மாதம். சோறு போடும்போது, "ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துப் பாத்துச் செய்து குடுக்கீய. நம்ம வீட்டுக்கு மட்டும் ஒண்ணும் பாக்க முடியலியே மைனி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சாப்பிட்டு எழுந்ததும் கிளைட்டன் என்னிடம் மெல்லக் கேட்டான், தொபியாஸ் பாயிண்ட் உன்னிடம் இருக்கிறதா என்று. இல்லை என்றேன். அவன் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டான். நான் முடியாது என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

அந்த மென்பொருள் தானாகவே வேறொரு ஃபோல்டரில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. இன்றுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. டோனர் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

நாலே நாலு பாயிண்ட். அதுவும் தொபியாஸ் அண்ணன் அடிக்கடி போகாத தூரத்துப் பாயிண்ட்களாகப் பார்த்து. அவரிடம் நூற்று எண்பத்தேழு இருக்கிறது. கடலில் வேலி போட்டவர் யாரும் இல்லை.

கிளைட்டனின் கருவியில் கேபிள் ஆடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கிளைட்டன் எழுபது கிலோ களவா கொண்டுவந்தான். கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கடைக்குள் ஓடிவந்து என் தலையைப் பிடித்து ஆட்டினான், சின்ன வயதில் செய்வது போல. "எக்கா! எக்கா!" வேறொன்றும் சொல்ல வரவில்லை அவனுக்கு.

மதியம் ஷர்மி எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். மீன் தலைத் துண்டை என் தட்டில் வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

காலை எட்டரை இருக்கும். ஒரு பெண்ணுக்கு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். ஏலக்கூடத்தில் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தேன்.

தொபியாஸ் அண்ணன் நடுவில் நின்றார். சட்டை நனைந்திருந்தது.

"எம் பாருக்கு மேல மூணு வள்ளம் நிக்கி! நேத்து ஒரு எடத்துல மூணு. இன்னைக்கு வேற எடத்துல ரெண்டு. பதினாலு வருசமா ஒரு பயலுக்கும் தெரியாத எடம். எப்படித் தெரிஞ்சுது? ஏல லிகோரி, நீ சொல்லு. எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"எங்கூட வள்ளத்துல இருக்கது நீ. கருவிய மாத்தும்போது பக்கத்துல நின்னது நீ. வேற யாருல நின்னா?"

லிகோரி அண்ணன் தலையைத் திருப்பி ஒரு தரம் தெருவுக்கு இந்தப் பக்கம் பார்த்தார். அதற்குள் தொபியாஸ் அண்ணன் அவருடைய தூண்டில் பெட்டியைத் தூக்கித் தரையில் எறிந்தார். மூடி திறந்து முள், நைலான் நரம்பு, ஈயம் எல்லாம் மீன் தண்ணீரில் சிதறின.

"இனி எவன் வள்ளத்துலயும் உனக்கு எடம் கெடையாது. கள்ளப் பய!"

லிகோரி அண்ணன் குந்தியிருந்து ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கினார். ஐம்பது பேர் நின்றார்கள். ஒருவரும் குனியவில்லை. கிளைட்டன் கூட்டத்தின் பின்னால் இருந்தான்.

"எக்கா, என் பேரு சரியா இருக்கா பாருங்க" என்று உள்ளே இருந்த பெண் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

தொபியாஸ் அண்ணன் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"கோவிச்சுக்கிடாத பிள்ள. கேக்கணும்னு இருந்துச்சு. நீ அன்னைக்கு அழிச்சிட்டல்லா?"

"உங்க முன்னாலதானேண்ணே அழிச்சேன்."

"அதான. எனக்குத் தெரியும். ஒங்கப்பா எப்பேர்ப்பட்ட மனுசன். உன்னப் போய்க் கேட்டுட்டேன் பாரு."

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நான் "பரவால்லண்ணே" என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மூன்று வள்ளம் எப்படி வந்தது என்று கிளைட்டனிடம் கேட்டேன். கூட்டாளி இரண்டு பேரிடம் சொன்னானாம். "அவனுவளும் பிள்ள குட்டிக்காரனுவதான எக்கா." நான் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவனும் கேட்பான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

லிகோரி அண்ணனின் மனைவி மெட்டில்டா மகள் ரெனிட்டாவின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வந்தாள். மெட்டில்டாவும் நானும் பழகத் தொடங்கி ஆறு ஏழு வருடம் இருக்கும். வேலையே இல்லாவிட்டாலும் சாயந்திரம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். இந்தத் தெருவில் என்னை வைத்துக் கேலி பேசாதவள் அவள் ஒருத்திதான்.

ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் கை நின்றது.

"என்னக்கா போடணும் அதுல?"

"மீனவர்னு போடவா?"

"போன பத்து நாளா கடலுக்குப் போவலியே. பொய் எழுதுன மாதிரி ஆயிருமா?"

"இல்ல, அப்படியெல்லாம் ஆவாது" என்று மீனவர் என்றே போட்டேன்.

நாலு வள்ளக்காரரிடம் லிகோரி அண்ணன் கேட்டுப் பார்த்தாராம். முகத்துக்கு நேராக இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. 'ஆள் இருக்கு', 'அடுத்த வாரம் பாப்போம்', அவ்வளவுதான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாராம். ஞாயிறு பூசைக்கும் வரவில்லை.

"நீங்க அன்னைக்கு இருந்தியள்லாக்கா. இவிய அந்தத் திரையில இருந்து ஏதாச்சும் எழுதிட்டு வந்தாவளா? கேபிளத்தான பிடிச்சிட்டு நின்னாவ?"

"கேபிளத்தான் பிடிச்சாவ."

"அத தொபியாஸ் அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாவ."

சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 13, சனி

சொல்லவில்லை. மூன்று நாளாகக் கல்யாணப் பத்திரிகை வேலை.

செப்டம்பர் 14, ஞாயிறு

லிகோரி அண்ணன் நேற்று கேரளாவுக்கு, விசைப்படகு வேலைக்குப் போய்விட்டார். ஒரு தடவை போனால் பதினைந்து, இருபது நாள் கடலிலேயே கிடக்க வேண்டும். சொந்த ஊர்க் கரையில் காலையில் போய் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட மனிதர். பையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார் என்று ஷர்மிதான் சொன்னாள். "கள்ளத்தனம் பண்ணுனா இப்படித்தான்" என்றும் சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்று கிளைட்டன் அவளிடம் சொல்லவில்லை.

பூசை முடிந்து கிளைட்டனைத் தனியாகக் கூப்பிட்டுப் போனேன். இனி அந்தப் பாயிண்ட்களுக்குப் போகாதே என்றேன்.

"நான் போவலன்னா மத்த ரெண்டு பேரும் போவான். என்ன பிரயோசனம்?"

"லிகோரி அண்ணன் குடும்பத்தப் பாரு."

"எக்கா, நானா உங்கிட்ட கேட்டேன்? நீதான எழுப்பிக் கூட்டிட்டுப் போயி ஏத்தித் தந்த."

ஆகஸ்ட் 16-ல் எழுதியதை இப்போது எடுத்துப் படித்தேன். அவன் கேட்டான் என்று எழுதியிருக்கிறேன். அவன் கேட்கவில்லை. அன்று சாப்பிட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் பக்கத்தில் போய், "உனக்கு ஒரு சாமான் இருக்கு எங்கிட்ட" என்றேன். அவன் முதலில் பயந்தான். வேண்டாம் எக்கா, தெரிஞ்சா வம்பு என்றான். திரும்பத் திரும்பச் சொன்னது நான்.

யாரும் படிக்காத நோட்டில்கூட அதை மாற்றி எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். மூன்று வள்ளத்தின் கருவிகளில் இருப்பதை எந்தப் பட்டனை அமுக்கி அழிப்பது?

மென்பொருள் தானாக நகல் வைத்தது என்று எழுதியதும் பொய். அன்று பாயிண்ட் எல்லாம் வந்து சேர்ந்ததும், தொபியாஸ் அண்ணன் புதுக்கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இரண்டு இடத்தில் சேமித்தேன். ஒன்று அவருக்காக. இன்னொன்றுக்கு 'மாதா நோட்டீஸ்' என்று பெயர் போட்டேன். அந்த நேரத்தில் கிளைட்டன் நினைப்பே எனக்கு இல்லை. பதினாலு வருடத்துச் சம்பாத்தியம் என் கைக்குள் வருகிறது, விட மனமில்லை. அவ்வளவுதான். புதுக்கருவி கெட்டுப்போய் அவர் அழுதுகொண்டு வந்தால் நான் எடுத்துக் கொடுக்கலாம் என்றும் ஒரு எண்ணம். அப்போது ஊரே என்னைப் பேசும் என்று.

நாலு பாயிண்ட் இல்லை. நூற்று எண்பத்தேழும் கொடுத்தேன். நாலு என்று அன்று எதற்காக எழுதினேன் என்று தெரியவில்லை. நாலு என்றால் சின்னக் குற்றம் என்று தோன்றியிருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தொபியாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடலுக்குப் போகாத நாள். வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முள்ளை அரம் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயம்.

"உங்க பாயிண்ட் லிகோரி அண்ணன் குடுக்கலண்ணே. நான் குடுத்தேன். கிளைட்டனுக்கு. அவன் மத்தவங்களுக்குக் குடுத்துட்டான்."

அரம் நின்றது.

"எத்தன?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"நூத்தி எம்பத்தேழும்."

ஒரு பாயிண்டுக்கு 'அழுத இடம்' என்று பெயர் வைத்திருந்தாரே, அதைத்தான் முதலில் கேட்டார். அதுவுமா என்றார். அவருடைய அண்ணன் தண்ணீரில் விழுந்து கிடைக்காமல் போன இடம் அது. அங்கே அவர் தூண்டில் போடுவதில்லையாம். வருடம் ஒரு தடவை போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாராம். அந்த இடத்தில் போன வாரம் ஒரு வள்ளம் நின்றதைப் பார்த்தாராம்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சரி. சொல்லிட்ட. இத்தோட விடு. யாருட்டயும் சொல்லாத" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஏலக்கூடத்துல வச்சு அவன் பெட்டியத் தூக்கி எறிஞ்சேன் பிள்ள. அம்பது பேரு பாத்தான். இப்ப அவன்ட்ட போயி, நீ இல்லல, வேற ஆளுன்னு சொன்னா, நான் என்ன மனுசன்? ஒம்பது வருசம் எங்கூட ஒரே சட்டியில சோறு தின்னவன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? ஒந் தம்பியையும் சும்மா விட மாட்டானுவ. லிகோரி எங்கயோ பொழச்சுக்கிட்டான். விடு."

சரிண்ணே என்றேன்.

வரும் வழியில் கால் லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் தூங்கினேன். இதையும் எழுதிவைக்க வேண்டும்: எனக்கு நிம்மதியாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுதபூசைக்குக் கடை கழுவ ஆள் கேட்கலாமா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். நானே கழுவிக்கொள்கிறேன் என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மெட்டில்டா வந்தாள். கையில் ரெனிட்டாவின் மாற்றுச் சான்றிதழுக்கான கடிதத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதை அடித்துத் தர வேண்டும்.

"எட்டாங் கிளாஸ் பாதியில ஏன் மாத்துற?"

"அங்க போவ மாட்டேங்கா. கூடப் படிக்கிற பிள்ளைவ இவள பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேங்குவளாம், கள்ளன் மவளேன்னுதானாம். அங்க ஒரு பேனா காணாமப் போனாலும் முதல்ல இவ பையத்தான் பாக்காவளாம். எங்க அண்ணன் வீட்டுல விட்டு அங்கயே படிக்க வைக்கலாம்னு."

கடிதத்தை அடித்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதியிருந்தாள். அந்த மூன்று சொல்லையும் மூன்று தடவை தப்பாக அடித்தேன். பிரிண்டரில் இருந்து தாளை எடுத்துக் கொடுக்கும்போது, "ஒங்களுக்கு ஒடம்புக்கு என்னக்கா? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மெட்டில்டா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ரெனிட்டா டியூஷனுக்குப் போயிருந்தாள். மெட்டில்டா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவே இல்லை. சுளகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் முடித்த பிறகும் தட்டினாள்.

பிறகு சுளகைக் கீழே வைத்தாள்.

"அவிய அன்னைக்கே சொன்னாவ" என்றாள்.

"என்ன சொன்னாவ?"

"ஏலக்கூடத்துல இருந்து வந்து உக்காந்ததும் சொன்னாவ, இது ஜெனோவா வேலதான்னு. கேபிளப் பிடிச்சிட்டு நிக்கும்போது திரையப் பாத்தாவளாம். நீங்க ரெண்டு எடத்துல வச்சத."

"பிறகு ஏன் அங்கயே சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு நீங்க. அவிய ஒம்பதாங் கிளாஸ். என்னத்தப் பாத்தேன்னு கேட்டா அவியளுக்கு அத எடுத்துச் சொல்லத் தெரியுமா?"

தரையில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கினேன்.

"நானும் நம்பலக்கா. அவியகிட்ட சண்ட போட்டேன். ஜெனோவாக்கா அப்படிச் செய்ய மாட்டாவ, நீ செய்ததை அவிய தலையில போடுதியான்னு கேட்டேன். 'நீ செய்ததை'ன்னு சொல்லிட்டேன்க்கா. எம் புருசனப் பாத்து. ரெண்டு நாள் அவியளுக்குச் சோறு வைக்கல. நீங்க தொபியாஸ் அண்ணன்ட்ட சொல்லலன்னதும் மறுபடியும் சந்தேகம், பஸ் ஏறப் போகும்போது கூடப் போவல."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் வீட்டில் உட்கார்ந்து நான் அழுததும் அசிங்கமாகத்தான் இருந்தது. அவள் தண்ணீர்கூடத் தரவில்லை.

"இப்ப எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதிய? பெட்டிய எறிஞ்சது இங்கயா? அங்க வந்து சொல்லுங்க."

அக்டோபர் 7, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு ஏலக்கூடத்துக்குப் போனேன். நேற்றும் போனேன், சொல்ல முடியாமல் ஒரு ரூபாய்க்குக்கூடப் பெறாத சாளையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இன்று சொல்வேன் என்று மெட்டில்டாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்; அவள் தூணோரம் வந்து நின்றிருந்தாள். கையில் செல்போன்.

ஏலம் விடுகிறவரிடம் போய் ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். பொம்பளை எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று எல்லோரும் திரும்பினார்கள். கிளைட்டன் ஐஸ் பெட்டியில் கை வைத்தபடி நின்றான்.

வீட்டில் யோசித்து வைத்தது ஒன்றும் நினைவு வரவில்லை. "தொபியாஸ் அண்ணன் பாயிண்ட லிகோரி அண்ணன் களவாங்கல. நான் களவாண்டேன். என் கம்ப்யூட்டர்ல வச்சு என் தம்பிக்குக் குடுத்தேன். அவன் எங்கிட்ட கேக்கல. நானாக் குடுத்தேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தொபியாஸ் அண்ணனிடம் முன்பே சொன்னதைப் பற்றிச் சொல்லவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ காறித் துப்பினார். ஒரு பெண், "வீடுவீடா நம்ம அட்டையெல்லாம் இவகிட்டதான குடுத்து வச்சிருக்கோம்" என்றாள். கிளைட்டனின் சட்டையை இரண்டு பேர் பிடித்தார்கள்.

தொபியாஸ் அண்ணன் நடுவில் வந்து அவர்களை விலக்கினார்.

"இந்தப் பிள்ள பத்து நாளைக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து சொல்லிட்டு. நாந்தான் வாய மூடச் சொன்னேன். லிகோரி மூஞ்சியில முழிக்க எனக்குத் தெம்பில்ல. அதான்."

மெட்டில்டா செல்போனை உயர்த்திப் பிடித்தாள். "படகு கரைக்கு வந்திருக்கு, அவிய லைன்லதான் இருக்காவ. எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்காவ" என்றாள். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தமும் எஞ்சின் சத்தமும் வந்தன.

தொபியாஸ் அண்ணன் செல்போனுக்குப் பக்கத்தில் போனார். "லிகோரி" என்றார். "ஏல லிகோரி." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில் இருந்து, "வச்சிரு மெட்டில்டா. வலை ஏத்தணும்" என்று மட்டும் கேட்டது.

அக்டோபர் 8, புதன்

கிளைட்டன் என்னிடம் பேசவில்லை. கதவடியில் நின்று ஒரு தடவை கேட்டான்: "எம் பேரச் சொல்லாமச் சொல்லியிருக்கலாம்லா எக்கா?" பிறகு போய்விட்டான். ஊர்க் கமிட்டி மூன்று வள்ளக்காரர்களையும் கூப்பிட்டுக் கருவிகளில் இருந்ததை அழிக்க வைத்தது. ஒரு வருடத்துக்கு அந்த இடங்களுக்குப் போகக் கூடாது. 'அழுத இட'த்துக்கு எப்போதும் கூடாது. போனால் தெரியுமா என்று ஒருவர் கேட்டாராம்.

ஷர்மி சோறு வைத்தாள். மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

கடை திறந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பத்து மணிக்குள் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் வந்தது ஒரே காரியத்துக்கு. அவர்களுடைய ஆதார், ரேஷன் அட்டை, போட்டோ, பிறப்புச் சான்றிதழ், என் கம்ப்யூட்டரில் கிடப்பது எல்லாவற்றையும் அவர்கள் கண் முன்னால் அழிக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டி அழித்தேன். குப்பைத் தொட்டியைத் திறந்து அதிலிருந்தும் அழித்துக் காட்டினேன். "வேற எங்கயும் இல்லேல்லா?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். சாயந்திரம் வரைக்கும் இதே வேலை.

அக்டோபர் 13, திங்கள்

ரெனிட்டா பழைய பள்ளிக்கூடத்துக்கே போகிறாளாம். மாற்றுச் சான்றிதழ்க் கடிதத்தை மெட்டில்டா கொடுக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

லிகோரி அண்ணன் ஊருக்கு வந்துவிட்டார். தொபியாஸ் அண்ணன் பஸ் நிறுத்தத்துக்கே போய் நின்றாராம். பையை வாங்கக் கை நீட்டினாராம். லிகோரி அண்ணன் பையைக் கொடுக்கவில்லை. ஆனால் சேர்ந்தே நடந்து வந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தொபியாஸ் அண்ணன் வள்ளத்துக்கு இனி வர முடியாது என்று லிகோரி அண்ணன் சொல்லிவிட்டாராம். வேறு இரண்டு வள்ளக்காரர்கள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்றும் நாலைந்து பேர் அழிக்கச் சொல்லி வந்திருந்தார்கள். லிகோரி அண்ணனும் வந்தார். வரிசையில்தான் நின்றார். முன்னால் போகச் சொன்னார்கள், போகவில்லை. மெட்டில்டா உள்ளே வராமல் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

அவர் முறை வந்தபோது நான் எழுந்து நின்றேன்.

"உக்காரு" என்றார். "எங்க வீட்டுது எல்லாத்தையும் எடுத்துரு."

அவர்கள் வீட்டுக்கென்று ஒரு ஃபோல்டரே இருந்தது. ஏழு வருடத்துச் சாமான். ரெனிட்டா கோவிலில் முதல் நன்மை வாங்கிய போட்டோக்கள், லிகோரி அண்ணன் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், மீனவர் அட்டை, மெட்டில்டாவும் நானும் ஒரு கிறிஸ்துமஸுக்கு இந்தக் கடைக்குள்ளேயே எடுத்துக்கொண்ட படம். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி அழித்தேன். அந்தப் படத்தை மட்டும் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. அதையும் அழித்தேன்.

"அண்ணே, நான் உங்களுக்குச் செய்தது..."

"வேலையப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கடைசியாக ஃபோல்டரையும் அழித்தேன். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வேற எங்கயும் இல்லேல்ல?"

"இல்லண்ணே."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்புகிறாரா என்று தெரியவில்லை. நம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சாலையைக் கடந்தார். மெட்டில்டா அவர் பக்கத்தில் நடந்து போனாள்.

அடுத்து நின்ற அம்மா உள்ளே வந்து, பையிலிருந்து ரேஷன் அட்டையை எடுத்து, எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்.